வெளியாள் வேண்டாம் என்றார் கொழுந்தனார்

நாங்கள் யாரும் கேட்பதற்கு முன்பே என் கொழுந்தனார் எப்படிச் சம்மதம் சொன்னார்? எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை.

சேலத்து மருத்துவமனையில் டாக்டர் அறைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேரிடம் மட்டும் பேசிய நாள் அது. நானும் என் கணவரும் பஸ்ஸில் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. யாருக்கும் போன் செய்யவில்லை. பாலக்கோட்டில் இறங்கியபோது கொழுந்தனார் மாதேஷ் தன் காய்கறி வண்டியோடு நின்றிருந்தார். ஓசூர் சந்தையில் தக்காளியை இறக்கிவிட்டு வருகிற வழியாம். மாரண்டஹள்ளி தாண்டி எங்கள் ஊர் மண் ரோட்டில் வண்டியைத் திருப்பியபோது, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அண்ணி, டாக்டரு யாரையாச்சும் கேட்டாங்கன்னா நானே வர்றன். வெளியாளு வேணாம்."

என் கணவர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் எங்களிடம் சொல்லி நான்கு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

எல்லாவற்றையும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்ப்பெயரை எழுதவில்லை. என் வயதில், என் நிலையில் இருக்கிற யாராவது படித்து நான் எங்கே தவறாக யோசிக்கிறேன் என்று சொன்னால் போதும்.

எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். யாழினிக்கு ஐந்து வயது. அவள் பிறந்தபோது எந்த வைத்தியமும் தேவைப்படவில்லை. அவளுக்கு இரண்டு வயது நடக்கும்போது என் கணவர் முனிராஜுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு கன்னமும் காதோரம் உப்பி, முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுக்கொண்டு, வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டு வீட்டில் இருந்தால் தானாக வடிந்துவிடும் என்பார்கள். மாமியார் என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டார். கன்னம் வடிந்தது. அடுத்த வாரம் அவர் காலை அகட்டி அகட்டி நடந்தார். கேட்டதற்குத் தக்காளிக் கூடை தூக்கியதில் தொடை பிடித்துக்கொண்டது என்றார். விரை இரண்டும் வீங்கி, வலியில் உட்கார முடியாமல் இருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய அம்மாவிடம் எப்படிச் சொல்வார்? என்னிடமே சொல்லவில்லை.

அந்தக் கிருமி கன்னத்தோடு நிற்பதில்லை, வளர்ந்த ஆண்களுக்குச் சில சமயம் விரையையும் தாக்கும், உயிரணு உண்டாகிற இடத்தையே கெடுத்துவிடலாம் என்று டாக்டர் எங்களுக்கு விளக்கியது அதற்கு வெகுநாள் கழித்து.

இரண்டாவது குழந்தை உண்டாகவில்லை என்றதும் முதலில் எனக்குத்தான் சோதனை மேல் சோதனை. கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். என்னில் பெரிய குறை இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவருக்குச் சோதனை எழுதிக் கொடுத்தார்கள். தர்மபுரியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் விந்தைக் கொடுத்தோம். மேசைமேல் மூன்று டப்பாக்கள் இருந்தன. எட்டிப் பார்த்தேன். மூன்றிலும் பெயர் 'முனி' என்றுதான் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் மூன்று ஆம்பிளைகளில் ஒருவர் முனியப்பன், முனிராஜ், முனுசாமி என்று ஏதாவது ஒன்றாக இருப்பார். உயிரணு ஒன்றுகூட இல்லை என்று முடிவு வந்தபோது நான் நம்பவே இல்லை. அது வேறு எந்த முனியினுடையதோ என்றுதான் நினைத்தேன்.

சேலத்தில் இரண்டாவது முறை கொடுத்தபோது டப்பாமேல் முழுப் பெயர், அப்பா பெயர், என் பெயர் மூன்றையும் நானே எழுதினேன். ஆய்வக ஜன்னலை விட்டு நகரவில்லை. உள்ளே இருந்த பெண் சிரித்துவிட்டாள்.

"அக்கா, உங்கூட்டுக்காரரோடத யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. போயி டீ குடிங்க."

அதற்கும் அதே முடிவுதான். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. ஒரே ரத்தப் பரிசோதனையைப் பில்லில் இரண்டு முறை போட்டிருந்தார்கள். கேட்டதும் மன்னிப்புக் கேட்டுத் திருத்திக் கொடுத்தார்கள். பில்லில் தவறு நடக்கிற இடத்தில் மற்றதில் நடக்காதா?

கடைசியாக ஒரு சோதனை மிச்சம் இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, விரைக்குள் மெல்லிய ஊசியை விட்டுக் கொஞ்சம் திசுவை உறிஞ்சி எடுப்பார்கள். வெளியே வராத உயிரணு உள்ளே எங்காவது ஒன்றிரண்டு இருந்தாலும் போதுமாம், அதை வைத்துக் கரு உண்டாக்கிவிடுவார்களாம். அன்று காத்திருந்த கூடத்தில் எல்லோரும் ஜோடி ஜோடியாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். என் எதிரே இருந்த அரூர்க்காரப் பெண் மட்டும் கேட்டாள். "உங்களுக்கா, அவருக்கா?" எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தத் திசுவிலும் எதுவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு டாக்டர் சொன்னது அதைத்தான். பிறகு வழிகளைச் சொன்னார். இருக்கிற குழந்தையோடு நிறைவாக இருக்கலாம். தத்து எடுக்கலாம். இல்லையென்றால் வேறொருவர் கொடுத்த விந்தை வைத்து முயற்சி செய்யலாம்.

"யாரு கொடுப்பாங்க மேடம்?" என்று என் கணவர் தரையைப் பார்த்துக் கேட்டார்.

"அதுக்குப் பதிவு பெற்ற வங்கி இருக்கு. கொடுத்தவர் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க யாருன்னு அவருக்கும் தெரியாது. சட்டம் அப்படித்தான்."

அதற்குப் பிறகுதான் பஸ், பாலக்கோடு, கொழுந்தனாரின் வண்டி.

மாதேஷுக்கு யார் சொன்னது? கணவரைக் கேட்டேன். "எம் பொண்ணு மேல சத்தியமா நான் சொல்லல" என்றார். மாமியாரைக் கேட்டேன். "எனக்கே நீ சொல்லித்தான் தெரியுது" என்றார். ஆனால் சொல்லும்போது முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். ஆய்வகப் பெண் எங்கள் ஊர்ப்பக்கமா என்று யோசித்தேன். மருத்துவமனையிலிருந்து யாராவது வீட்டு நம்பருக்குப் பேசியிருப்பார்களா என்று யோசித்தேன். கணவர் ஏற்கெனவே ஊகித்துத் தம்பியிடம் பேசி வைத்திருந்தாரா? அப்படியென்றால் வண்டி தற்செயலாகவா அங்கே நின்றது? யோசிக்க யோசிக்க வீட்டில் இருந்த எல்லோருடைய முகமும் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. மாதேஷை நான் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவேன். அதன் பிறகு கூப்பிடவே முடியவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன்.

நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் நல்லவர்தான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் ஒரே வார்த்தையில் மறுத்திருப்பேன்.

ஒரு வாரம் கழித்து மாமியார் தானே பேச்சை எடுத்தார். எங்களோடு சேலத்துக்கும் வந்தார். டாக்டர் எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"டாக்டரம்மா, இவன் தம்பி கல்லு மாதிரி இருக்கறான். ஒரு பையனும் இருக்குது அவனுக்கு. எதுக்குங்க பேங்கு?"

"சொந்தக்காரங்ககிட்ட எடுக்கக் கூடாதும்மா. சட்டத்துல இடமில்ல."

"சரி, அந்தப் பேங்குல இருக்கறவனுக்கு எந்தச் சாமின்னு கேட்டுச் சொல்வீங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "ரத்த வகை சொல்வோம். நோய் இல்லைன்னு பார்த்துச் சொல்வோம். சாமி கேட்க மாட்டோம்மா."

வெளியே வந்ததும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, எவன் வித்தோ நம்ம கோயில்ல வந்து நின்னா, சாமி யாரு பேரைச் சொல்லி விபூதி குடுக்கும்? தம்பின்னா அண்ணன் மாதிரியேதான இருக்கும் மொகம். ஒருத்தனுக்கும் தெரியாது."

அவர் அப்படிச் சொன்னதை நாங்கள் மட்டும் கேட்கவில்லை. மருந்துக்கடைப் பக்கம் நின்றிருந்த ஒரு பெண்மணி எங்கள் பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரை வந்தாள். வேறொரு ஊரில் ஒரு இடம் இருக்கிறதாம். சொந்தக்காரரையே கூட்டிக்கொண்டு வரலாமாம், எழுத்தில் வேறு மாதிரி காட்டிக்கொள்வார்களாம். "நீங்க கவலப்படாதீங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறம்" என்று போன் நம்பர் கொடுத்தாள். எழுத்தில் ஒன்றும் டப்பாவில் ஒன்றுமாகச் செய்கிறவர்கள், நாம் கொடுத்ததைத்தான் வைப்பார்கள் என்று எப்படி நம்புவது? எனக்கு இருந்த இந்தச் சந்தேகம் மாமியாருக்கு இல்லை. நம்பரைச் சுருக்குப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

கணவரிடம் தனியாகக் கேட்டேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று.

"அவன் மொகந்தான் என் மொகம்னு அம்மா சொல்லுது. யாருக்கும் தெரியாதாம். எனக்குத் தெரியுமே. அந்தப் புள்ளை அவன் தோள்ல ஏறி வெளயாடறப்ப நான் எங்க பாக்கறது?" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா பேங்குல எவனோ ஒருத்தன்னா அதும் பயமாத்தான் இருக்குது. நீ சொல்லு, நீ படிச்சவ" என்றார்.

நான் படித்தது பி.எஸ்சி. கணிதம். இதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இனி சுகன்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதேஷின் மனைவி, என் ஓரகத்தி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. என்னைவிட நான்கு வயது சின்னவள். வீட்டில் இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் அவளை ஏதாவது வேலை சொல்லி வெளியே அனுப்பிவிடுவார் மாமியார். 'அவளுக்கு வேணாம், சின்னப் பொண்ணு, மனசு ஒரு மாதிரி ஆயிடும்' என்பார். மாதேஷும் அவளிடம் சொல்லவில்லை என்றுதான் சொல்கிறார்கள். சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இதற்கிடையில் எனக்குக் கருப்பைக்குள் ஒரு சின்னச் சதை வளர்ந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. எந்த வழியில் போனாலும் அதை எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். வயிற்றைக் கிழிக்காமல், கீழ்வழியாகக் கேமரா விட்டு எடுப்பது. அதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது கூட இருக்க வந்தது சுகன்யாதான். தன் பையனை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தாள். எனக்கு முதலில் அதுகூடச் சந்தேகமாக இருந்தது. ஏன் தானே முன்வந்து வருகிறாள்? ஏதாவது தெரிந்துகொள்ளவா? யாராவது அனுப்பினார்களா?

அவளோ வந்ததும் ஜன்னல் திட்டைத் துடைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரங்களை அடுக்கினாள். ஆபரேஷனுக்குப் போடச் சொன்ன பச்சை அங்கியை எனக்குக் கட்டிவிட்டபோது பின்னால் மூடவே மாட்டேன் என்றது.

"அக்கா, இதத் தெச்சவனுக்குத் துணி பத்தல போல. பின்னாடி வர்றதுக்குள்ள தீந்துபோச்சு."

பயத்தில் இருந்த நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நர்ஸ் வந்து அதட்டினார்.

மயக்கம் தெளிந்தபோது வாய் காய்ந்து கிடந்தது. தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சுகன்யா பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எழுந்து பாத்ரூம் போக முடியாமல் நான் கூச்சப்பட்டபோது, "ஆமா, நான் யாரோ எவளோ பாருங்க, கூச்சப்பட்டுக்கங்க" என்று திட்டிக்கொண்டே பெட்பேனை வைத்தாள். அடுத்த நாள் வெந்நீர் பிடித்துவந்து என் தலைமுடியைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? என் பையனுக்குச் சட்டை பத்தாமப் போனதெல்லாம் எடுத்து வெச்சிருக்கறன். இனிப் பொறக்கப்போற உங்க பாப்பாவுக்கு ஆவும். பழசுன்னு நெனைக்க மாட்டீங்கல்ல?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலிக்கிறது என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

வீட்டுக்கு வந்து உடம்பு தேறியதும் மாதேஷிடமே வாங்கலாமா என்று குலதெய்வத்திடம் பூ கேட்டுவிடலாம் என்றார் மாமியார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காரியத்தைச் செய்யலாமா, வேண்டாமா என்று வீட்டில் முடிவெடுக்க முடியாதபோது, வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று எடுத்து, இலைத்துண்டில் தனித்தனியாக மடித்து நூல் சுற்றுவார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சாமி காலடியில் வைத்து, மனதில் கேள்வியை நினைத்துக்கொண்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. பெண் கொடுப்பதற்கும் கிணறு வெட்டுவதற்கும் எங்கள் வீட்டில் பூ கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகு அதில் மறுபேச்சு கிடையாது.

எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று தெரியவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. சிவப்பு வந்துவிட்டால் நான் மறுக்க வேண்டியதில்லை. அது சாமி மறுத்ததாக இருக்கும்.

கோயிலுக்கு எல்லோரும் போனோம். பூசாரி எங்கள் பங்காளிதான். விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டே, "பூவக் கட்டி வைங்கம்மா, வந்துடறன்" என்றார். மாமியார் பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்தார். "ஏ சுகன்யா, உனக்குத்தான் கை சுருக்கு, நீ கட்டு" என்றார். சுகன்யா மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டினாள்.

யாழினிதான் எடுத்தாள். பூசாரி நூலை அறுத்துப் பிரித்தார். வெள்ளை.

மாமியார் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். மாதேஷ் கோயில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. பூசாரி அதை எடுத்துக் கோயிலுக்குப் பின்னால் செடியோரம் வைத்துவிடுவார். அன்றும் வைத்தார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் நான் பின்னால் போனேன். மாமியார்மேல்தான் எனக்குச் சந்தேகம். ஏதாவது சொல்லிக் கட்டவைத்திருப்பார் என்று நினைத்தேன். பொட்டலத்தைப் பிரித்தேன்.

அதிலும் வெள்ளை அரளிதான் இருந்தது.

பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. சுகன்யா. என் கையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, அத்தைகிட்ட சொல்லிடாதீங்க. உங்க கால்ல விழறன்."

"அத்தையா சொன்னாங்க, இப்படிக் கட்டச் சொல்லி?"

"அய்யோ, இல்லீங்க. அவங்களுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவாங்க. நானாத்தான். உங்களுக்கு வைத்தியம் பண்ணலாமா வேணாமான்னு கேக்கறம்னு அத்தை சொன்னாங்க. செவப்பு வந்துட்டா ஆஸ்பத்திரிக்கே போவ விடமாட்டாங்களே. ஆஸ்பத்திரியில நீங்க பட்டதப் பாத்தனே நான். அதான். சாமிய ஏமாத்துன பாவம் எனக்கே வரட்டும், பரவாயில்ல. உங்களுக்குப் புள்ளை வந்தாப் போதும்."

நான் அந்தப் பூவைக் கசக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டேன். அவள் என் கையைப் பிரித்து, பூவை எடுத்துத் தூர எறிந்துவிட்டு, தன் முந்தானையால் என் உள்ளங்கையைத் துடைத்துவிட்டாள்.

இப்போது எங்கள் வீட்டில் எல்லாம் முடிவாகிவிட்டது. சாமியே உத்தரவு கொடுத்துவிட்டதாக மாமியார் அந்தப் பெண்மணிக்குப் போன் செய்துவிட்டார். மாதேஷ் ஓசூருக்கு லோடு போவதாக வீட்டில் சொல்லிவிட்டு எங்களோடு வருவார். அதாவது சுகன்யாவிடம் சொல்லிவிட்டு. என் கணவர் சாமி சொன்ன பிறகு என்ன என்று வாயை மூடிக்கொண்டார். அவருக்கும் அதில் ஒரு நிம்மதி வந்துவிட்டது என்று தெரிகிறது. அதைக் கெடுக்கவும் மனம் வரவில்லை. ஆபரேஷன் புண் ஆறவில்லை, டாக்டர் பொறுக்கச் சொன்னார் என்று நான் மட்டும் நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

பூ பொய் என்று நான் சொன்னால் எல்லாம் நின்றுவிடும். ஆனால் கட்டியவள் யார் என்று கேட்பார்கள். கோயிலில் செய்த காரியம், அந்த வீட்டில் அவள் மறுபடி தலைநிமிர முடியாது. எனக்காகச் செய்தவளை நானே காட்டிக்கொடுப்பதா? சொல்லாமல் போனால் அவள் கணவரின் பிள்ளையை நான் சுமப்பேன், அவள் பழைய சட்டைகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுப்பாள்.

இன்னொன்றும் மனதில் வருகிறது. எழுதக் கூசுகிறது. அவளுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாதா? ஒரே வீட்டில் இருந்துகொண்டு, புருஷன் முகத்தைப் பார்த்தே ஊகித்திருக்கமாட்டாளா? தெரிந்துதான் இரண்டிலும் வெள்ளையை வைத்தாளா, வாயால் சொல்ல முடியாத சம்மதத்தை அப்படிச் சொன்னாளா? இப்படி நினைத்துக்கொண்டால் எனக்கு எல்லாம் எளிதாகிவிடும். எளிதாகிவிடும் என்பதாலேயே இந்த நினைப்பை நான் நம்பவில்லை.

எனக்கு இன்னொரு குழந்தை வேண்டும். அதை மறைக்கவில்லை. வங்கி வழியாகப் போகலாம், அதுதான் சட்டம் என்று என் அறிவுக்குத் தெரிகிறது. அதை வீட்டில் சொல்ல முதலில் அந்தப் பூவைத் தாண்ட வேண்டும். பூவைத் தாண்ட முதலில் சுகன்யாவிடம் பேச வேண்டும். நேற்றுத் தக்காளி பறிக்கும்போது பக்கத்துச் செடி வரிசையில்தான் இருந்தாள். மூன்று முறை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று முறையும் "என்னங்கக்கா?" என்று நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர் வேண்டும், கூடை நிறைந்துவிட்டது, வெயில் அதிகம் என்று ஏதேதோ சொன்னேன்.

இதைப் படிக்கிறவர்களில் இப்படி வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து பெற்றவர்கள் இருப்பீர்கள். மறுத்தவர்களும் இருப்பீர்கள். கொடுத்தவரின் மனைவியாக இருந்தவர்கள்கூட இருக்கலாம். முக்கியமாக உங்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் சுகன்யாவாக இருந்தால், இதை என் வாயால் கேட்க விரும்புவீர்களா? அப்படியென்றால் நான் எந்த வார்த்தையில் ஆரம்பிக்க வேண்டும்? அதை மட்டும் சொல்லுங்கள்.